நான்காம் பெட்டியில் ஒரு குழி

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் நேசகுமாரைத் தெரியாதவர் கிடையாது. அவன் என்ன வேலை செய்கிறான் என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏர்ஃபோர்ஸ் என்று காதில் விழுந்த அன்றே சபையார் அவனைப் போர் விமானத்தில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆயர், "வானத்தில் பறந்து நம்மைக் காக்கும் நம் சபையின் மைந்தனுக்காக" என்று உருக்கமாக ஜெபம் செய்வார். அவன் மனைவி ஷோபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் நேசகுமார் போர் விமானத்தில் ஒரு நிமிஷம்கூடப் பறந்தது கிடையாது. அவன் தரையில் நிற்கிறவன்.

சார்ஜண்ட் நேசகுமார், விமானத்தின் உடம்பைப் பார்க்கிற டெக்னீசியன். எஞ்சினுக்கு வேறு ஆள், குண்டுக்கு வேறு ஆள், ரேடியோவுக்கு வேறு ஆள். தகடு, திருகு, கதவு, சக்கரம், விமானி உட்காருகிற அறை, இதெல்லாம் அவன் பாடு. மேற்கு எல்லையை ஒட்டிய ஒரு தளத்தில், ஓடுபாதையின் முனையில் இரண்டு விமானங்கள் எப்போதும் எண்ணெய் நிரப்பி, ஏவுகணை மாட்டி, மூக்கை ஓடுபாதைப் பக்கம் திருப்பி நிற்கும். பக்கத்து அறையில் விமானிகள் பறக்கிற உடுப்போடு உட்கார்ந்திருப்பார்கள். சைரன் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் அவை மேலே இருக்க வேண்டும். இது இன்றைக்கு நாளைக்கு என்று முடிகிற வேலை இல்லை. பொங்கல், ஈஸ்டர், ரம்ஜான், மழை, மணல் காற்று, எதற்கும் விடுமுறை இல்லாத காவல். பழைய விமானங்கள் ஒவ்வொன்றாக ஓய்வுக்குப் போயின, ஆட்களும் குறைந்தார்கள், காவல் மட்டும் குறையவில்லை. எட்டுப் பேர் பார்த்ததை ஐந்து பேர் பார்த்தார்கள். சைரன் அடித்து விமானம் கிளம்பிப் போனால் அது பயிற்சிக்கா நிஜத்துக்கா என்று தரையில் நிற்கிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. போனது திரும்பி வந்தால் துடைத்து, நிரப்பி, மறுபடி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவனுக்குப் பதினான்கு மாசம் கழித்துப் பதினைந்து நாள் லீவு கிடைத்தது. மகள் தபிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை திடப்படுத்தல். பேராயர் வந்து தலையில் கை வைத்து அவளைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற நாள். அவள் பிறந்தபோது அவன் இல்லை, ஞானஸ்நானத்துக்கு இல்லை, பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தபோதும் இல்லை. இந்த முறை இருப்பேன் என்று போனில் மூன்று தடவை சொல்லியிருந்தான். திங்கட்கிழமை சாயங்காலம் ரயில் ஏறியவன் வியாழக்கிழமை காலை காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தான். தபிதா அவன் பெட்டியை வாங்கிக்கொண்டாளே தவிர, ஞாயிறு வரைக்கும் நம்பப்போவதில்லை என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஷோபா அவனுடைய நீல ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தாள். உள்பக்கப் பையில் தையல் விட்டிருந்தது. துணிக்கும் உள்துணிக்கும் நடுவே ஏதோ உருண்டது. நெருடிப் பிடித்து வெளியே எடுத்தாள்.

"இன்னாங்க இது, ஜோப்புக்குள்ள இருந்துது," என்று அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

சுண்டுவிரலின் பாதி அளவு இரும்புத் துண்டு. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியில் மாட்டுகிற பிட். நேசகுமார் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான்.

மற்றவர்களுக்கு அது ஒரு இரும்புத் துண்டு. விமானத் தளத்தில் அப்படி இல்லை. அங்கே கருவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கருப்பு ஸ்பாஞ்சில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்தில் குழி வெட்டியிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாக் குழியும் நிறைந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது போகிறவன் எண்ணிக் கையெழுத்துப் போடுவான், வருகிறவன் எண்ணிக் கையெழுத்துப் போடுவான். ஒரு குழி காலியாக இருந்தால் அந்தப் பெட்டி தொட்ட விமானம் எதுவும் பறக்காது. காவலில் நிற்கிற விமானமாக இருந்தாலும் இழுத்து வந்து பிரித்துப் போட்டுத் தேடுவார்கள். ஏனென்றால் விமானம் மேலே போய்த் தலைகீழாகப் புரளும்போது, அறையில் எங்கேயாவது கிடக்கிற ஒரு துண்டு உருண்டு போய் விமானி பிடித்து இயக்குகிற தண்டின் அடியில் செருகிக்கொண்டால், அவர் இழுத்தாலும் தண்டு வராது. அவ்வளவு வேகத்தில் அதற்கப்புறம் யோசிக்க நேரமும் இருக்காது.

திங்கட்கிழமை காலை அவன் காவல் விமானம் ஒன்றில் விமானியின் அறைக்குள் குனிந்து, ஆசனத்தின் பக்கத்தில் தளர்ந்திருந்த ஒரு மூடியைத் திருகி முடுக்கினான். அதற்கு எடுத்தது நான்காம் பெட்டி. மத்தியானம் அவனை வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். தேய்ந்து போன பழைய கருவிகளைக் கழிவு என்று எழுதித் தள்ளுகிற வேலை. மேஜை மேல் குவிந்து கிடந்த பழைய பிட்களை இரண்டு கையாலும் அள்ளிச் சாக்கில் போட்டான். அதே அளவு, அதே கம்பெனி. கழிவை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, எடை போடுவார்கள். சாயங்காலம் நான்காம் பெட்டியை எண்ணி, சரி என்று கையெழுத்துப் போட்டு, ஹரிபாபுவிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினான்.

எண்ணினானா? எண்ணினான் என்றுதான் நினைவு. ஆனால் பத்தொன்பது வருஷமாகத் தினமும் எண்ணுகிறவனுக்குத் திங்கட்கிழமை எண்ணியது எது, அதற்கு முந்தின திங்கட்கிழமை எண்ணியது எது என்று எப்படிப் பிரித்துத் தெரியும்? கண்ணை மூடினால் நிறைந்த பெட்டிதான் வந்தது. அது எந்த நாளின் பெட்டியோ.

பிட்டின் பக்கவாட்டில் பெட்டி எண்ணைப் பொறித்திருப்பார்கள். இதில் பொறித்த தடம் இருந்தது, எண் தேய்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் நான்கு போல இருந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் ஒன்று. தபிதாவின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தபோது வெறும் கீறல்.

ஹரிபாபு நகரிக்காரன், நெசவுக் குடும்பம். இவனைப் போலவே சார்ஜண்ட், பதினோரு வருஷ சிநேகிதம். தளத்தில் இவர்கள் இருவரும் பேசுகிற தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு வேறு யாருக்கும் புரியாது என்பதால் சாப்பாட்டைத் திட்டுவதிலிருந்து மேலதிகாரியைக் கேலி செய்வது வரைக்கும் எல்லாம் அதில்தான் நடக்கும். காவல் இடத்தில் போனுக்கு அனுமதி கிடையாது. ஷிஃப்ட் முடிகிற வரை காத்திருந்து சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டான். மறைமுகமாகத்தான் கேட்டான்: நாலாவது வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

ஹரிபாபு மெதுவாக விஷயத்தைச் சொன்னான். அன்றைக்கு அவன் பெட்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை, ரயிலுக்குப் பறக்கிற நேசனின் முகத்தைப் பார்த்துப் போட்டான். மறுநாள் காலை திறந்தால் ஒரு குழி காலி. யார் தொலைத்தது என்று தெரியவில்லை. சொன்னால் இருவர் கையெழுத்தும் பொய். நேசனைப் பாதி வழியில் ரயிலிலிருந்து இறக்கித் திரும்பக் கூப்பிடுவார்கள், மகளின் விசேஷமும் போகும். அதனால் கழிவுச் சாக்கிலிருந்து ஒரு பிட்டை எடுத்துக் குழியில் வைத்துவிட்டான். நேசகுமார் தன் ஜாக்கெட்டில் கிடைத்ததைச் சொன்னான்.

"இப்போ நீ சொல்றப்போதான்ரா நெஞ்சுல பாரம் எறங்குச்சி. உன் ஜோப்புல இருக்கறதுதான் அது. வதிலெய்ரா நேசா, விட்டுடு. குழியும் ரொம்பிடுச்சி," என்றான்.

"இதான் அதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற இன்னாவா இருக்கும்?"

போனை வைத்ததும் நேசகுமாருக்கும் பாரம் இறங்கியதுதான். தொலைந்த பொருள் தன் கையிலேயே இருக்கிறது, அதனால் விமானத்தில் இல்லை, அதனால் ஒன்றும் இல்லை. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. இரண்டு தோசை கூடுதலாகத் தின்றான். மூன்றாவது தோசையில்தான் புத்தி திரும்பி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. பெட்டியிலிருந்து ஒன்று தொலைந்தது நிஜம். தன் ஜாக்கெட்டில் ஒன்று இருப்பதும் நிஜம். இரண்டும் ஒன்றேதான் என்று சொன்னது யார்? ஹரிபாபு. அவனுக்குச் சொன்னது யார்? அவனுடைய ஆசை. மத்தியானம் கழிவைக் கையால் அள்ளும்போது ஒன்று ஜாக்கெட்டுக்குள் விழுந்திருந்தால், இது அந்தக் கழிவு. அப்படியானால் நான்காம் பெட்டியின் பிட் இன்னும் அந்த ஆசனத்தின் அடியில் கிடக்கிறது. அதன் மேல் ஒரு ஆள் தினமும் ஏறி உட்காருகிறார்.

அவன் ஒரு பக்கம் முடிவு செய்வான், ஐந்து நிமிஷத்தில் மறுபக்கம் சாய்வான். வியாழக்கிழமை அந்த விமானம் சைரனுக்குக் கிளம்பிப் போய் நல்லபடியாகத் திரும்பியது என்று ஹரிபாபு சொல்லியிருந்தான். உள்ளே ஏதாவது இருந்திருந்தால் தெரிந்திருக்காதா என்று ஒரு மனம். அன்றைக்குத் தலைகீழாகப் புரண்டிருக்காது என்று இன்னொரு மனம். இது வெறும் பயம் என்று ஒரு மனம். பயம் இல்லாதவன் எதற்கு நாள் முழுக்க அதைக் கையில் உருட்டிக்கொண்டிருக்கிறான் என்று இன்னொன்று.

சனிக்கிழமை காலை மீன் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கிரீம்ஸ்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் சின்னப்பனிடம் போனான். கூடப் படித்தவன். இரும்பைப் பார்த்தே ஜாதகம் சொல்லுவான் என்று பெயர். எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் பிட்டைக் கொடுத்து, இது இப்போது புழக்கத்தில் இருப்பதா, தேய்ந்து கழித்ததா, பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான். சின்னப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முனையை நகத்தில் உரசி, ஒரு திருகில் வைத்துத் திருகி, வெகு நேரம் பார்த்தான். கழித்த சரக்கு மாதிரி இருக்கிறது, ஆனால் இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம் என்றான். அப்படியானால் எது என்று நேசகுமார் விடாமல் கேட்டான். அது வைத்திருக்கிறவன் மனசைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டுச் சின்னப்பன் டீ வரவழைத்தான். அவன் தளத்துக்கும் விமானத்துக்கும் இந்தத் துண்டுக்கும் முடிச்சுப் போடவே இல்லை. பெரிய விமானி இத்தனூண்டு பிட்டுக்கு ஏன் இப்படி வேர்க்கிறான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மீன் வாங்க மறந்துபோய் வீட்டுக்கு வந்தான். தபிதா ஒத்திகைக்காகக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுடைய வெள்ளைச் சேலை இஸ்திரி போட்டு நாற்காலி மேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவன், ஷோபா சமையலறையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான்காம் பெட்டி, கழிவுச் சாக்கு, ஹரிபாபு வைத்த பிட், சின்னப்பன் சொன்னது, ஒன்று விடாமல்.

ஷோபா மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பதினாறு வருஷமாகத் தினமும் அவளும் எண்ணுகிறவள்தான். வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் எத்தனை கத்தரி, எத்தனை பஞ்சு, மூடுவதற்கு முன்னால் எத்தனை. நேசகுமாருக்கு அது தெரியாதா என்ன? அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"எங்க தியேட்டர்ல ஒரு பஞ்சு கொறஞ்சா வயித்த தெக்க மாட்டோம். குப்பக் கூடையில ஒண்ணு கெடந்தா, அத்தான் இதுன்னு சொல்லிட்டுத் தெக்கவும் மாட்டோம்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"இத்த எங்கிட்ட சொன்னதே நான் இப்படி சொல்லணும்னுதான. நாளைக்கு உங்க பொண்ணு கேட்டா அம்மாதான் போவச் சொன்னான்னு ஆயிடும். போன் பண்ணுங்க. ஆனா நான் சொன்னேன்னு பண்ணாதீங்க. உங்களுக்கு இன்னா தோணுதோ அதுக்குப் பண்ணுங்க."

அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. இத்தனை வருஷமாகக் குடும்பத்தைத் தனியாக இழுத்தவளிடம், இந்த ஒரு பாரத்தையும் நைசாகத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. சித்தூரில் மானம் போவது பெரிதில்லை, இவள் முன்னால் போய்விட்டதே என்று குமைந்தான். ஆனால் வெட்கத்தில்கூட எது சரி என்று தெளியவில்லை. போன் செய்தால் இரண்டு பேர் கையெழுத்தும் பொய் என்று ஆகும், விசாரணை வரும், ஹரிபாபு தனக்காகச் செய்த காரியத்துக்கு ஹரிபாபுவையே மாட்டிவிட்டதாக ஆகும். தபிதாவுக்குக் கொடுத்த வாக்கு போகும். இவ்வளவும் போய், ஆசனத்தின் அடியில் ஒன்றுமே இல்லை என்றால்?

மத்தியானம் மூன்று மணிக்கு ஹரிபாபுவுக்கு ஒரு செய்தி அனுப்பினான்: சொல்லப்போகிறேன், மன்னித்துவிடு. பதில் வரவில்லை. நாலு மணிக்குத் தன் பிரிவின் வாரண்ட் ஆபீசரைக் கூப்பிட்டான். அவர் ஹிந்திக்காரர், கத்துகிற ஆள் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். எந்த விமானம், எந்தப் பெட்டி, கையில் இருப்பதில் எண் தெரிகிறதா. தெரியவில்லை என்றான். கிளம்பி வா, அந்தத் துண்டைக் கையோடு கொண்டு வா என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

அங்கே இப்போது என்ன நடக்கும் என்று அவனுக்கு மனப்பாடம். அந்த விமானத்தை வரிசையிலிருந்து இழுப்பார்கள். காவல் ஒரு நிமிஷமும் விடக்கூடாது என்பதால் மூன்றாவது விமானத்தை அவசரமாகத் தயார் செய்து அந்த இடத்தில் நிறுத்துவார்கள். குவார்ட்டர்ஸில் படுத்திருக்கிறவர்களை எழுப்பிக் கூட்டி வருவார்கள். விமானியின் ஆசனத்தைக் கழற்ற வேண்டும், அது வெடித்துத் தூக்கி எறிகிற ஆசனம், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வர வேண்டும். ஐந்து பேர் பார்க்கிற வேலையில் ஐந்து பேருக்கும் அன்றைக்குத் தூக்கம் கிடையாது. இத்தனையும் சித்தூரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் சந்தேகப்பட்டதற்காக.

சாயங்காலம் தபிதா வந்ததும் அவனே சொன்னான். அவள் கத்தவில்லை, அழவில்லை. சேலையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

"அந்தப் பைலட்டுக்கும் பொண்ணு இருக்குதா நைனா?" என்று கேட்டாள்.

தனக்குத் தெரியாது என்றான். எட்டு மாசமாக அவருக்கு ஏணி பிடிக்கிறான், வயிற்றுப் பட்டையை இழுத்து மாட்டுகிறான், கேட்டதில்லை. அவள் சரி என்று உள்ளே போய்விட்டாள். அந்தச் சரி எதற்குச் சொன்ன சரி என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு ரேணிகுண்டாவில் வண்டி. ஆராதனை எட்டரைக்கு. ஏழரைக்கே அவன் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டான். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகளும் கிரானைட் குவாரிகளும் போயின. சந்திரகிரி தாண்டும்போது ஒன்பதே முக்கால். இந்நேரம் பேராயர் பிரசங்கத்தை முடித்திருப்பார், பிள்ளைகள் முழங்காலில் நிற்பார்கள். நேசகுமார் முன் ஸீட்டின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஜெபம் செய்யப் பார்த்தான். எதற்கென்று செய்வது? கிடைக்கட்டும் என்று கேட்டால், ஒரு மனுஷன் உயிரோடு ஐந்து நாளாக விளையாடியிருக்கிறோம் என்பது நிரூபணமாகும். கிடைக்காமல் போகட்டும் என்று கேட்டால், பெற்ற மகளை ஒன்றுமில்லாததற்காக விட்டுவிட்டு வந்தவன் ஆவான். பரமபிதாவே குழம்பிப் போவார் என்று தோன்றியது. ஆனாலும் உள்ளுக்குள் கிடைக்கக்கூடாது என்றுதான் ஓடியது. பக்கத்தில் மொட்டை போடத் திருப்பதிக்குப் போகிற ஒரு குடும்பம் மலையேறும் சந்தோஷத்தில் தெலுங்கில் பாடிக்கொண்டே வந்தது. அவர்களுடைய குழந்தை இவன் தோளில் தூங்கிவிட்டது.

ரேணிகுண்டாவில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். ஆராதனை முடிகிற வரை இருந்துவிட்டு, ஒரு வாடகைக் கார் பிடித்திருந்தால்கூட வந்து சேர்ந்திருக்கலாம். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த இரும்புத் துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பன்னிரண்டு மணிக்கு வாரண்ட் ஆபீசர் கூப்பிட்டார். கிடைத்துவிட்டது என்றார். ஆசனத்தின் தண்டவாளத்துக்கும் தரைக்கும் நடுவில் செருகியிருந்தது, எண் நாலு, பளிச்சென்று தெரிந்தது. எடுத்தவன் ஹரிபாபு. இரவெல்லாம் தேடி, மற்றவர்கள் இங்கே இல்லை என்று கைவிட்ட பிறகும், விரலைக் கிழித்துக்கொண்டு அவன்தான் உள்ளே கையை விட்டு எடுத்தான். எடுத்த கையோடு, பெட்டியில் வேறு பிட்டை வைத்தது நான் என்று அவனே சொல்லிவிட்டான். விசாரணை இருவருக்கும் உண்டு. அவர் இதையெல்லாம் ஒரே மாதிரிக் குரலில் சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன்னால், ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நேசகுமார் போனை மடியில் வைத்தான். அந்த விமானி வியாழக்கிழமை ஏறினார், இறங்கினார், அடுத்த சைரனுக்காக உட்கார்ந்திருந்தார். தன் பையில் இருப்பது வெறும் கழிவு. ஹரிபாபு சொன்னதை நம்பித் தோசையோடு விஷயத்தை விழுங்கியிருந்தால்? நல்லதுதான் நடந்திருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். நல்லது நடந்தவன் மாதிரி இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்துவிட்டுக் கை குலுக்கியது போல இருந்தது.

அதே நேரத்தில் தபிதாவின் அழைப்பு வந்தது. பின்னால் கோயில் வாசலின் இரைச்சல் கேட்டது. முடிந்துவிட்டது, பேராயர் கை ரொம்பக் கனமாக இருந்தது, அம்மா அழுதாள் என்று கடகடவென்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"கெடச்சிதா நைனா?"

"கெடச்சிதும்மா. அவுரு ஸீட்டுக்கு அடியிலதான் இருந்துது."

வேறொரு வண்டி வருகிறதென்று மூன்று பாஷையில் அறிவித்தார்கள். பிளாட்பாரமே எழுந்து நின்றது, அவன் மட்டும் எழவில்லை.

"பேராயர் தலமேல கைய வெச்சப்போ எல்லாரும் பரிசுத்த ஆவி வரணும்னு கேட்டாங்க. நான் அது கெடைக்கவே கூடாதுன்னு கேட்டேன். கெடைக்கலன்னா நீ சும்மாத்தான் போனன்னு ஆயிடும், உம்மேல கோவமாவே இருக்கலாம்னு," என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. "அந்த ஆளு செத்திருந்தா?"

நேசகுமார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். தப்பும்மா, அப்படிக் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். நல்ல தகப்பன் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"நானும் பஸ்ஸுல அத்தத்தாம்மா கேட்டுக்கினு வந்தேன்," என்றான்.